நெடுவரிசைத் தெரிவும் பல்வரித் திருத்தமும்

நெடுவரிசைத் தெரிவு என்பது உரைத்தொகுப்பி ஒன்றில் பல வரிகளின் ஊடாகச் செல்லும் செவ்வக வடிவப் பகுதியைத் தெரிவு செய்யும் முறை ஆகும். செவ்வகத் தெரிவு, பெட்டித் தெரிவு, கட்டத் தெரிவு என்றும் இது அழைக்கப்படுகிறது. இவ்வாறு தெரிவு செய்த வரிகள் அனைத்திலும் ஒரே நேரத்தில் தட்டச்சிடுதல், அழித்தல், ஒட்டுதல் முதலிய மாற்றங்களைச் செய்வது பல்வரித் திருத்தம் எனப்படும். மூலநிரல், அட்டவணைத் தரவு, பதிவுக் கோப்புகள் போன்ற ஒழுங்கான அமைப்புடைய உரைகளைத் திருத்துவதற்கு நிரலர்கள் இவ்வசதிகளைப் பயன்படுத்துகின்றனர்.

கணிதத்தில் அணி ஒன்றின் மேலிருந்து கீழான வரிசை நிரல் எனப்படுகிறது. கணினியியலில் அதே சொல் கணினிக்கான கட்டளைத் தொகுப்பைக் குறிக்கிறது. குழப்பத்தைத் தவிர்க்க, இக்கட்டுரையில் முதற்பொருளுக்கு நெடுவரிசை என்னும் சொல்லே கையாளப்படுகிறது.

அடிப்படைக் கருத்து

உரைக்கோப்பு திரையில் இரு பரிமாணம் உடையதாகத் தோன்றினாலும், சேமிப்பில் அது ஒற்றைப் பரிமாணச் சரம் மட்டுமே. வரியின் முடிவைக் குறிக்கும் வரியுருவும் அச்சரத்தில் மற்றோர் உறுப்பே. வழக்கமான தெரிவு, சரத்தின் ஓரிடத்தில் தொடங்கி மற்றோரிடத்தில் முடிகிறது. இடையில் உள்ள அனைத்தும் அதில் அடங்கும்.

பின்வரும் தரவைக் கருதுக:

101  240  17
102  238  19
103  251  16

முதல் வரியின் 240 என்னும் எண்ணின் தொடக்கத்தில் இருந்து மூன்றாம் வரியின் 251 என்னும் எண்ணின் முடிவு வரை வழக்கமான முறையில் தெரிவு செய்தால், 17, 102, 238, 19, 103 ஆகியவையும் சேர்ந்தே தெரிவாகும். நெடுவரிசைத் தெரிவில் 240, 238, 251 ஆகிய மூன்று எண்கள் மட்டும் தெரிவாகும். வழக்கமான தெரிவை வரையறுக்க இரண்டு புள்ளிகள் போதும். நெடுவரிசைத் தெரிவுக்கு மேல் வரி, கீழ் வரி, இட எல்லை, வல எல்லை ஆகிய நான்கும் தேவை. உண்மையில் அது ஒரு தெரிவு அன்று. வரிக்கு ஒன்றாக அமைந்த பல சிறு தெரிவுகளின் தொகுதி ஆகும்.

இட எல்லையும் வல எல்லையும் ஒன்றாக இருப்பின் தெரிவின் அகலம் சுழியம் ஆகும். அப்போது ஒவ்வொரு வரியிலும் ஓர் இடஞ்சுட்டி நிற்பது போன்ற நிலை உண்டாகிறது. அந்நிலையில் தட்டச்சிடும் எழுத்து எல்லா வரிகளிலும் நுழையும். பல்வரித் திருத்தத்தின் எளிய வடிவம் இதுவே.

வரலாறு

துளை அட்டைகள்

நெடுவரிசை என்னும் கருத்து திரைகளுக்கு முற்பட்டது. ஐபிஎம் நிறுவனம் 1928 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய துளை அட்டை 80 நெடுவரிசைகளைக் கொண்டிருந்தது. ஓர் அட்டை நிரலின் ஒரு வரியைத் தாங்கியது. 1957 ஆம் ஆண்டில் வெளியான ஃபோர்ட்ரான் மொழி இவ்வமைப்பைத் தன் இலக்கணத்திலேயே ஏற்றுக்கொண்டது. நெடுவரிசை 1 முதல் 5 வரை கூற்றின் எண்ணுக்கும், 6 முந்தைய வரியின் தொடர்ச்சியைக் காட்டுவதற்கும், 7 முதல் 72 வரை கூற்றுக்கும் ஒதுக்கப்பட்டன. ஐபிஎம் 704 கணினியின் அட்டைப் படிப்பி 72 நெடுவரிசைகளையே படித்தது. ஆகவே 73 முதல் 80 வரையான பகுதியில் வரிசை எண்கள் துளையிடப்பட்டன. அட்டைக்கட்டு கீழே விழுந்து கலைந்தால் அவ்வெண்களைக் கொண்டு மீண்டும் அடுக்க இயன்றது.

இவ்வமைப்பில் ஓர் இடர் இருந்தது. கூற்று 72 ஆம் நெடுவரிசையைத் தாண்டினால் எஞ்சிய பகுதி கண்டுகொள்ளாமல் விடப்பட்டது. வரியின் முடிவில் 1000 என்னும் எண் இருந்து, அதன் கடைசி இலக்கம் 73 ஆம் நெடுவரிசையில் விழுந்தால், நிரல் 100 என்று கொண்டு பிழைச்செய்தி ஏதுமின்றி இயங்கக்கூடும். 1991 இல் ஏற்கப்பட்ட ஃபோர்ட்ரான் 90 செந்தரம் கட்டற்ற வடிவத்தை அறிமுகப்படுத்தியது. எனினும் பழைய வடிவிலான அறிவியல் நிரல்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. கோபால் மொழியிலும் இதனை ஒத்த நெடுவரிசை ஒதுக்கீடு இருந்தது.

உரைத்தொகுப்பிகள்

இத்தகைய நிரல்களைத் திரையில் திருத்தத் தொடங்கியபோது நெடுவரிசை சார்ந்த கட்டளைகள் தேவைப்பட்டன. ஐபிஎம் பெருங்கணினிகளின் ஐஎஸ்பிஎஃப் தொகுப்பியில், திருத்தம் எந்த நெடுவரிசைகளுக்குள் மட்டும் நிகழவேண்டும் என்று எல்லை வகுக்கும் கட்டளையும், வரித்தொகுதியை இடம் அல்லது வலமாக நகர்த்தும் கட்டளைகளும் உள்ளன. 1980களில் பரவலாகப் பயன்பட்ட வேர்டுஸ்டார் என்னும் சொற்செயலியில் நெடுவரிசை நிலைக்கு மாறும் கட்டளை இருந்தது. ஜிஎன்யூ ஈமாக்சு தொகுப்பியும் 1980களிலேயே செவ்வகத்தை வெட்டுதல், ஒட்டுதல், வெற்றிடமாக்குதல் ஆகிய கட்டளைகளைக் கொண்டிருந்தது. ஆனால் தெரிவு செய்த செவ்வகத்தைத் திரையில் செவ்வகமாகவே காட்டும் தனிநிலை ஈமாக்சின் 24.4 பதிப்பில்தான், 2014 ஆம் ஆண்டில், சேர்க்கப்பட்டது.

பில் ஜாய் 1976 இல் எழுதிய விஐ தொகுப்பியில் செவ்வகத் தெரிவு இல்லை. அதன் வழித்தோன்றலாகப் பிராம் மூலினார் உருவாக்கி 1991 இல் வெளியிட்ட விம் தொகுப்பி பின்னர் இவ்வசதியைப் பெற்றது. கண்ட்ரோல் விசையுடன் வி விசையை அழுத்தி இந்நிலைக்குச் செல்லலாம்.

பல இடஞ்சுட்டிகள்

செவ்வகத்திற்குள் அடங்காத, கோப்பில் ஆங்காங்கே சிதறிய இடங்களை ஒருசேரத் திருத்தும் எண்ணம் வேறொரு வழியில் வளர்ந்தது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ராப் பைக் உருவாக்கிய சாம் என்னும் தொகுப்பியில், சுருங்குறித்தொடர் ஒன்றுக்குப் பொருந்தும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு கட்டளையைச் செயற்படுத்த இயன்றது. இதன் அடிப்படைக் கருத்தை அவர் 1987 இல் கட்டுரையாக வெளியிட்டார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மில்லர், பிராட் மையர்சு ஆகியோர் உருவாக்கிய லாப்பிசு என்னும் ஆய்வுத் தொகுப்பி, பல உரைப்பகுதிகளை ஒரே நேரத்தில் ஊடாட்ட முறையில் திருத்துவதைச் செய்துகாட்டியது. அது பற்றிய கட்டுரை 2001 ஆம் ஆண்டு யூசுனிக்சு மாநாட்டில் வழங்கப்பட்டது.

பொதுப் பயனர்களிடம் இவ்வசதியைப் பரப்பியதில், ஜான் ஸ்கின்னர் உருவாக்கி 2008 இல் வெளிவந்த சப்லைம் டெக்ஸ்ட் தொகுப்பிக்குப் பெரும்பங்கு உண்டு. ஒரு சொல்லைத் தெரிவு செய்து, அதன் அடுத்தடுத்த வருகைகளை ஒவ்வொன்றாகத் தெரிவில் சேர்த்துக்கொண்டே செல்லும் முறை இதன் மூலம் பரவலாக அறியப்பட்டது. 2015 இல் வெளியான விசுவல் ஸ்டூடியோ கோட் தொகுப்பியும் இதே வழியைப் பின்பற்றியது.

செயற்படும் விதம்

சமமற்ற வரிகள்

கோப்பின் வரிகள் பெரும்பாலும் ஒரே நீளம் உடையவை அல்ல. செவ்வகத்தின் இட எல்லை 20 ஆம் நெடுவரிசையில் இருக்கும்போது ஒரு வரி 12 வரியுருக்களுடன் முடிந்துவிட்டால், அவ்வரியில் தெரிவு செய்வதற்கு ஏதும் இல்லை. இதனைத் தொகுப்பிகள் மூன்று வகையில் கையாளுகின்றன:

* குறுகிய வரியைத் தவிர்த்துவிடுதல்.
* இடஞ்சுட்டியை அவ்வரியின் முடிவிலேயே நிறுத்துதல்.
* வரிக்கு அப்பாலும் வெற்றிடம் இருப்பதாகக் கொண்டு, தட்டச்சிடும்போது தேவையான இடைவெளிகளைத் தானே நிரப்புதல். இது மெய்நிகர் வெற்றிடம் எனப்படும்.

ஒரே செயல் வெவ்வேறு தொகுப்பிகளில் வெவ்வேறு விளைவைத் தருவதற்கு இவ்வேறுபாடு முதன்மைக் காரணம் ஆகும். மூன்றாம் முறையில் கண்ணுக்குப் புலப்படாத இடைவெளிகள் கோப்பில் சேர்கின்றன என்பதும் கருதத்தக்கது.

டேப் வரியுரு

டேப் என்பது சேமிப்பில் ஒரே வரியுரு. திரையில் அது அடுத்த நிறுத்தம் வரை நீள்கிறது. நிறுத்தங்கள் 8 நெடுவரிசைகளுக்கு ஒன்றாக அமைந்தால், வரியின் தொடக்கத்தில் உள்ள ஒரு டேப் 8 நெடுவரிசைகளை அடைக்கும். 4 என்று மாற்றினால் 4 நெடுவரிசைகளையே அடைக்கும். டேப்பும் இடைவெளியும் கலந்த கோப்பில் ஒருவர் திரையில் நேராகக் காணும் நெடுவரிசை, வேறு அமைப்பு உடைய மற்றொருவர் திரையில் கோணலாகத் தோன்றும். செவ்வகத்தின் எல்லை ஒரு டேப்பின் நடுவில் விழுந்தால், சில தொகுப்பிகள் அந்த டேப்பை இடைவெளிகளாகப் பிரிக்கின்றன. வேறு சில அதனை முழுமையாகச் சேர்க்கின்றன அல்லது விட்டுவிடுகின்றன.

திருத்தும் வரிசை

பல இடங்களில் எழுத்துகளை நுழைக்கும்போது ஒரு நுழைப்பு அதற்குப் பின்னுள்ள இடங்களை நகர்த்திவிடும். எடுத்துக்காட்டாக, இடஞ்சுட்டிகள் சரத்தின் 10, 30, 50 ஆகிய இடங்களில் இருக்க, ஒவ்வொன்றிலும் இரண்டு வரியுருக்களை நுழைக்க வேண்டும் என்று கொள்வோம். முதல் நுழைப்புக்குப் பின் இரண்டாம் இடம் 32 ஆகிறது. இரண்டாவதற்குப் பின் மூன்றாம் இடம் 54 ஆகிறது. இந்நகர்வைக் கணக்கில் கொள்ளாத நிரல் தவறான இடத்தில் நுழைத்துவிடும். இதனைத் தவிர்க்க இரண்டு வழிகள் உள்ளன. கூடிய நீளத்தைக் கணக்கிட்டுக் கொண்டே முன்னோக்கிச் செல்வது ஒன்று. கடைசி இடத்தில் தொடங்கிப் பின்னோக்கித் திருத்துவது மற்றொன்று. இரண்டாம் வழியில், இன்னும் திருத்தப்படாத இடங்கள் நகர்வதே இல்லை. எவ்வழியாயினும் நுழைப்பு முடிந்தபின் இடஞ்சுட்டிகள் 12, 34, 56 ஆகிய இடங்களில் நிற்க வேண்டும்.

அழித்தலின்போது இரண்டு இடஞ்சுட்டிகள் ஒரே இடத்தில் வந்து சேரலாம். அப்போது அவற்றை ஒன்றாக இணைக்கவேண்டும்; இல்லையெனில் அடுத்த எழுத்து இருமுறை நுழையும். மேலும், நூறு இடங்களில் நிகழ்ந்த மாற்றம் ஒரே செயல்தவிர்ப்புக் கட்டளையில் மீளவேண்டும்.

வெட்டுதலும் ஒட்டுதலும்

செவ்வகத்தை நகலெடுத்தால் கிளிப்போர்டில் சில வரிகளே சேமிக்கப்படுகின்றன. அவற்றை மீண்டும் செவ்வகமாக ஒட்டவேண்டும் எனில், அவை செவ்வகமாக எடுக்கப்பட்டவை என்னும் குறிப்பும் உடன் இருத்தல் வேண்டும். விண்டோசு இயங்குதளத்தில் விசுவல் ஸ்டூடியோ இதற்கெனத் தனி வடிவக்குறி ஒன்றைக் கிளிப்போர்டில் வைக்கிறது. சின்டில்லா முதலிய வேறு தொகுப்பிக் கூறுகளும் அதனை அறிந்துகொள்கின்றன. அக்குறியை அறியாத மென்பொருளில் ஒட்டினால் சாதாரண வரிகளாகவே வந்து சேரும். பல இடஞ்சுட்டிகள் இருக்கும்போது, கிளிப்போர்டில் உள்ள வரிகளின் எண்ணிக்கையும் இடஞ்சுட்டிகளின் எண்ணிக்கையும் சமமாக இருப்பின், விசுவல் ஸ்டூடியோ கோட் ஒவ்வொரு வரியையும் ஓர் இடஞ்சுட்டிக்குப் பகிர்ந்தளிக்கிறது.

பயன்பாடுகள்

பட்டியல் ஒன்றை நிரலில் பயன்படும் வடிவிற்கு மாற்றுதல் மிகப் பொதுவான பயன்பாடு ஆகும். பெரும்பொழுதுகளின் பெயர்கள் வரிக்கு ஒன்றாக உள்ளன எனக் கொள்வோம்:

கார்
கூதிர்
முன்பனி
பின்பனி
இளவேனில்
முதுவேனில்

இவற்றை மேற்கோள் குறிகளுக்குள் இட்டுக் காற்புள்ளியால் பிரிக்கவேண்டும். ஆறு வரிகளின் தொடக்கத்தில் சுழிய அகலத் தெரிவை அமைத்து மேற்கோள் குறியை ஒருமுறை தட்டச்சிட்டால் போதும். வரிகளின் முடிவுகள் ஒரே நெடுவரிசையில் இல்லாமையால் மறுபக்கத்தில் செவ்வகம் பயன்படாது. ஆறு இடஞ்சுட்டிகளையும் எண்ட் விசையால் அந்தந்த வரியின் முடிவிற்கு அனுப்பவேண்டும். விம் தொகுப்பியில் கட்டத்தைத் தெரிவு செய்தபின் டாலர் குறியை அழுத்தினால் தெரிவு ஒவ்வொரு வரியின் முடிவு வரை நீளும். விளைவு பின்வருமாறு அமையும்:

"கார்",
"கூதிர்",
"முன்பனி",
"பின்பனி",
"இளவேனில்",
"முதுவேனில்",

நெடுவரிசைத் தெரிவுக்கும் பல இடஞ்சுட்டிகளுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வெடுத்துக்காட்டு தெளிவாக்குகிறது. முன்னது இடத்தைப் பொறுத்தது. பின்னது உரையின் அமைப்பைப் பொறுத்தது.

பிற பயன்பாடுகள் சில:

* வரித்தொகுதியைக் கருத்துரையாக மாற்றுதல், அல்லது அக்குறிகளை நீக்குதல்.
* பதிவுக் கோப்புகளில் வரிகளின் தொடக்கத்தில் உள்ள நாள், நேரம் ஆகியவற்றை நீக்குதல்.
* வரிகளுக்குத் தொடர் எண் இடுதல். நோட்பேட்++ தொகுப்பியின் நெடுவரிசைத் திருத்தியில் தொடக்க எண், ஒவ்வொரு வரிக்கும் கூடவேண்டிய அளவு, முன்னிலைச் சுழியங்கள் ஆகியவற்றை அளிக்கலாம்.
* அட்டவணையின் ஒரு நெடுவரிசையை வெட்டி வேறிடத்தில் ஒட்டுதல்.

மென்பொருள்களில் இவ்வசதி

* நோட்பேட்++, விசுவல் ஸ்டூடியோ: ஆல்ட் விசையை அழுத்தியபடி சுட்டியை இழுத்தல். விசுவல் ஸ்டூடியோவில் பெட்டித் தெரிவுக்குள் நேரடியாகத் தட்டச்சிடும் வசதி 2010 பதிப்பில் சேர்க்கப்பட்டது.
* விசுவல் ஸ்டூடியோ கோட்: சிஃப்ட், ஆல்ட் ஆகிய இரு விசைகளையும் அழுத்தியபடி சுட்டியை இழுத்தல். புதிய இடஞ்சுட்டிக்கு ஆல்ட் விசையுடன் சொடுக்குதல்.
* எக்லிப்சு: ஆல்ட், சிஃப்ட், ஏ ஆகிய விசைகளால் கட்டத் தெரிவு நிலைக்கு மாறுதல். இது 2009 இல் வெளியான 3.5 பதிப்பில் அறிமுகமானது.
* மைக்ரோசாஃப்ட் வேர்டு: ஆல்ட் விசையை அழுத்தியபடி சுட்டியை இழுத்தல். சொற்செயலியில் எழுத்துகளின் அகலம் வேறுபடுவதால் தெரிவின் ஓரங்கள் எழுத்து எண்ணிக்கையோடு ஒத்துவருவதில்லை.

நிலை அகலக் கோப்புகளும் இடர்களும்

சில தரவு வடிவங்களில் ஒரு மதிப்பின் பொருளை அது நிற்கும் நெடுவரிசையே தீர்மானிக்கிறது. புரத மூலக்கூறுகளின் அமைப்பைப் பதியும் புரதத் தரவு வங்கியின் பழைய வடிவத்தில், அணு ஒன்றின் முதல் ஆயத்தொலை 31 முதல் 38 வரையும், இரண்டாவது 39 முதல் 46 வரையும், மூன்றாவது 47 முதல் 54 வரையும் அமைகின்றன. இவற்றிடையே பிரிகுறி ஏதும் இல்லை. வரியின் முற்பகுதியில் ஓர் இடைவெளி கூடிவிட்டால், ஒவ்வொரு மதிப்பின் கடைசி இலக்கமும் அடுத்த மதிப்பின் பகுதிக்குள் சென்றுவிடும். கோப்பு திரையில் ஒழுங்காகவே தோன்றும். படிக்கும் நிரல் மட்டும் வேறு எண்ணைப் பெறும். இத்தகைய கோப்புகளைத் திருத்தும்போது நுழைக்கும் வரியுருக்களின் எண்ணிக்கையும் நீக்கும் வரியுருக்களின் எண்ணிக்கையும் சமமாக இருத்தல் கட்டாயம் ஆகும். மேலெழுது நிலையில் திருத்துவது இதற்குப் பாதுகாப்பான வழி.

செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதையைக் குறிக்கும் ஈரடிக் கூறு வடிவமும் இத்தகையதே. அதன் ஒவ்வொரு வரியும் 69 வரியுருக்களைக் கொண்டது. இரண்டாம் வரியில் சுற்றுப்பாதையின் சாய்வுக் கோணம் 9 முதல் 16 வரையான நெடுவரிசைகளில் உள்ளது. கடைசி நெடுவரிசையில் சரிபார்ப்பு இலக்கம் இடம்பெறுகிறது. வரியில் உள்ள இலக்கங்களைக் கூட்டி, கழித்தல் குறி ஒவ்வொன்றையும் 1 எனக் கொண்டு, கூட்டுத்தொகையைப் பத்தால் வகுத்த மீதியே அவ்விலக்கம் ஆகும். ஆகவே கையால் செய்த மாற்றம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். ஆனால் அருகருகே உள்ள இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது. அப்பிழையை இச்சரிபார்ப்பு காட்டாது.

பல இடஞ்சுட்டிகளுக்கு வேறோர் இடர் உண்டு. தெரிவில் சேர்ந்த இடங்களில் சில திரைக்கு வெளியே இருக்கலாம். எண் என்னும் மாறியின் பெயரை மாற்றுவதற்காக அவ்வுரையின் எல்லா வருகைகளையும் தெரிவு செய்தால், எண்ணிக்கை என்னும் மாறியின் முற்பகுதியும் தெரிவாகிவிடும். முழுச்சொல் பொருத்தத்தை வலியுறுத்துவது இதனைத் தடுக்கும். எனினும் ஒரே பெயருடைய இரண்டு மாறிகள் இருவேறு செயற்கூறுகளில் இருந்தால் அவற்றை எழுத்து ஒப்புமையால் வேறுபடுத்த இயலாது. அதற்கு மொழியின் இலக்கணத்தை அறிந்த பெயர்மாற்றக் கருவி தேவை.

தமிழ் உரையில் நெடுவரிசைகள்

நெடுவரிசைத் தெரிவு, ஒரு வரியுரு ஓர் எழுத்து, ஓர் எழுத்து ஒரே அகலம் என்னும் எடுகோள்களின் மீது அமைந்தது. தமிழுக்கு இவை இரண்டும் பொருந்துவதில்லை. ஒருங்குறியில் உயிர்மெய் எழுத்து பெரும்பாலும் இரண்டு குறியீட்டுப் புள்ளிகளால் அமைகிறது. கரூர், வேலூர் ஆகிய பெயர்கள் இரண்டும் மூன்று எழுத்துகள் கொண்டவை. ஆனால் கரூர் ஐந்து குறியீட்டுப் புள்ளிகளையும் வேலூர் ஆறு குறியீட்டுப் புள்ளிகளையும் கொண்டுள்ளன. ஒவ்வொரு வரியிலும் முதல் இரண்டு வரியுருக்களை வெட்டும் கருவி, ஒன்றில் கர என்பதையும் மற்றொன்றில் வே என்பதையும் தரும். முதற்பெயரில் எஞ்சுவது, தாங்க மெய்யெழுத்து இல்லாத ஊகாரக் குறியில் தொடங்கும் சிதைந்த உரை.

யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. கரூர் 15 பைட்டுகள். வேலூர் 18 பைட்டுகள். யுனிக்சு வழிவந்த கட் கட்டளையில் வரியுரு எண்ணால் வெட்டும் விருப்பம் உண்டு. ஜிஎன்யூ பதிப்பில் அது நீண்ட காலம் பைட்டுகளையே எண்ணியது. மூன்றின் மடங்கல்லாத எண்ணை அளித்தால் எழுத்தின் நடுவே வெட்டுப்பட்டு, செல்லாத பைட்டுகள் கோப்பில் எஞ்சின.

ஒருங்குறிச் செந்தரம், பயனர் ஓரெழுத்தாகக் கருதும் தொகுதியை எவ்வாறு கண்டறிவது என்பதற்கு விதிகளை வகுத்துள்ளது. அவற்றைப் பின்பற்றும் தொகுப்பிகள் எழுத்தின் நடுவே இடஞ்சுட்டியை நிறுத்துவதில்லை. எனினும் அகலச் சிக்கல் தீர்வதில்லை. சம அகல எழுத்துருக்களில் பெரும்பாலானவை தமிழ் வரிவடிவங்களைக் கொண்டிருப்பதில்லை. வேறோர் எழுத்துருவில் இருந்து அவை காட்டப்படுகின்றன. ர, ணௌ ஆகியவற்றை ஒரே அகலத்தில் காட்டுவதும் எளிதன்று. ஆகையால் தமிழ்ச் சொற்களுக்கு வலப்புறம் உள்ள நெடுவரிசைகள், இடைவெளிகளால் ஒழுங்குபடுத்தப்பட்டிருந்தாலும் திரையில் நேராக அமைவதில்லை.

தமிழ் உரை அடங்கிய தரவை நிலை அகலத்தில் வைக்காமல், காற்புள்ளி அல்லது டேப்பால் பிரித்து வைப்பது பொருத்தமானது. நெடுவரிசையை மாற்றவேண்டும் எனில் விரிதாளைப் பயன்படுத்தலாம். உரைத்தொகுப்பியிலேயே செய்யவேண்டும் எனில், செவ்வகத்திற்கு மாறாக, பிரிகுறியைத் தேடி அதன் எல்லா வருகைகளிலும் இடஞ்சுட்டிகளை அமைக்கலாம். அப்போது எழுத்தின் அகலமும் பைட்டுகளின் எண்ணிக்கையும் விளைவைப் பாதிக்கமாட்டா.

மாற்று முறைகள்

ஒரே வகையான மாற்றத்தைப் பல இடங்களில் செய்ய வேறு வழிகளும் உள்ளன. சுருங்குறித்தொடர் வழித் தேடி மாற்றுதல், ஆயிரக்கணக்கான வரிகளுக்கும் பல கோப்புகளுக்கும் ஏற்றது. ஆனால் விளைவை முன்கூட்டியே சிந்தித்து எழுதவேண்டும். விசையழுத்தங்களைப் பதிந்து மீண்டும் இயக்கும் மேக்ரோ, ஒவ்வொரு வரியிலும் பல படிகள் தேவைப்படும்போது உதவும். பல்வரித் திருத்தத்தின் சிறப்பு, ஒவ்வொரு விசையழுத்தத்தின் விளைவும் உடனுக்குடன் எல்லா வரிகளிலும் கண்முன் தெரிவதாகும். எனவே ஒரே திரையில் அடங்கும் அளவிலான மாற்றங்களுக்கு இது மிகவும் பொருந்தும். அதற்கு மேற்பட்டவற்றில், மாற்றத்திற்கு முன்னும் பின்னும் உள்ள கோப்புகளை ஒப்பிட்டு வேறுபாடுகளைச் சரிபார்த்தல் நல்லது.